சர்ரியின் செங்கல் வீடுகளும் ஒரு மரவீடும்

வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் கரையிலிருந்து ஜேம்ஸ் நதியைக் கடந்து சர்ரி கவுண்டிக்குப் போக இன்றுவரை நேர்ப்பாலம் கிடையாது. கீழ்த்திசையில் நியூபோர்ட் நியூஸ் பக்கம் ஒரு பாலம், மேல்திசையில் ஹோப்வெல் அருகே ஒரு பாலம். இரண்டுக்கும் நெடுந்தூரம் சுற்ற வேண்டும். இடையில் இருப்பவர்களுக்குப் படகுதான் வழி. ஜேம்ஸ்டவுன் துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள ஸ்காட்லாந்து துறைக்கு, காரோடு ஏற்றிக்கொண்டு போகும் ஃபெர்ரியை மாநிலப் போக்குவரத்துத் துறை இரவும் பகலும் ஓட்டுகிறது. கட்டணம் இல்லை. 1925இல் தனியார் ஒருவர் தொடங்கிய சேவை. பிறகு மாநிலம் எடுத்துக்கொண்டது. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆற்றின்மேல் இருந்தோம். படகைத் தொடர்ந்து கடற்புறாக்கள் வந்துகொண்டே இருந்தன.

வடகரையில் நாங்கள் விட்டுவந்தது, 1607இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய ஜேம்ஸ்டவுன். அவர்கள் வந்த மூன்று கப்பல்களின் மாதிரிகள் துறைக்குப் பக்கத்திலேயே நங்கூரமிட்டு நிற்கின்றன. அங்கிருந்து சற்றுத் தொலைவில் வில்லியம்ஸ்பர்க். 1926 முதல் ராக்ஃபெல்லரின் பணத்தில் ஒரு நகரமே பழைய உருவத்துக்குத் திருப்பப்பட்ட இடம் அது. தொப்பியும் அங்கியுமாக வழிகாட்டிகள், குதிரை வண்டிகள், கடைகள், கூட்டம். அங்கே வரலாறு மெனக்கெட்டு நடித்துக் காட்டப்படுகிறது. தென்கரைக்கு வந்து இறங்கியதும் அந்தச் சத்தம் முழுவதும் அடங்கிவிடுகிறது. பைன் மரங்களுக்கு நடுவே இரு வழிச் சாலை. மரக்கட்டை ஏற்றிய லாரிகள். வயல் முடிந்தால் காடு, காடு முடிந்தால் வயல்.

சர்ரி 1652இல் தனிக் கவுண்டியானது. இன்று அதன் மக்கள்தொகை 7,000க்கும் குறைவு. நகரம் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. நீதிமன்றத்தைச் சுற்றி ஒரு சிற்றூர், அங்கங்கே சில குடியிருப்புகள். மணல் கலந்த மண், அதனால் நிலக்கடலை. பருத்தியும் சோயாவும் சோளமும் உண்டு. ஆனால் பருப்பு பெரிதாக இருக்கும் 'வர்ஜீனியா' ரகக் கடலைக்குப் பேர் போன வட்டாரம் இது. பக்கத்து சஸ்ஸெக்ஸ் கவுண்டியில்தான் 1840களில் கடலையை விற்பனைக்காகப் பயிரிடத் தொடங்கினார்கள் என்கிறார்கள். உப்பிட்டு, புகையூட்டிப் பதப்படுத்தும் பன்றித்தொடை இறைச்சி இன்னொரு புகழ். இவற்றுக்கெல்லாம் சம்பந்தமே இல்லாமல் ஆற்றோரத்தில் இரண்டு உலைகள் கொண்ட அணுமின் நிலையம் 1970களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. கவுண்டியின் வரி வருவாயில் பெரும் பங்கு அதிலிருந்து வருவது.

இப்படி ஒரு கவுண்டியில் எதற்குப் பழைய வீடுகளைத் தேடிப் போக வேண்டும்? அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய முதல் நூற்றாண்டின் வீடுகள் தெற்கில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வர்ஜீனியாவின் கடலோரத் தாழ்நிலத்தில் கல் கிடைக்காது, மரம் மிகுதி. குடியேறியவர்கள் மரத்தூண்களை நேரே மண்ணில் நட்டு, அதன்மேல் சட்டமும் பலகையும் அடித்து வீடு கட்டினார்கள். மண்ணில் புதைந்த தூணை ஈரமும் கறையானும் சில பத்தாண்டுகளில் தின்றுவிடும். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் இல்லை. புகையிலைதான் அவர்களுக்கு எல்லாம். புகையிலை சில ஆண்டுகளில் நிலத்தின் சாரத்தை உறிஞ்சிவிடும். அப்புறம் புது நிலம் திருத்த வேண்டும். இடம்பெயரப் போகிறவன் எதற்கு நிலையான வீட்டில் பணத்தைப் போடுவான்? கையில் இருந்த காசு இன்னும் நிலத்துக்கும் இன்னும் ஆட்களுக்கும் போயிற்று. எவனோ ஒருவன் செங்கல் சுட்டுக் கட்டியிருந்தால் மட்டுமே அவன் வீடு நமக்குக் கிடைக்கும். அப்படி ஒருவன் சர்ரியில் இருந்தான். அவன் பேர் ஆர்தர் ஆலன்.

ஆலன் வீட்டுக்கு முன்னால், போகிற வழியில் ஸ்மித்ஸ் ஃபோர்ட் என்ற இடத்தைப் பார்த்தோம். 1609இல் கேப்டன் ஜான் ஸ்மித், ஜேம்ஸ்டவுன் தாக்கப்பட்டால் ஒதுங்குவதற்காக, ஆற்றுக்கு இக்கரையில் கிரேஸ் கிரீக் என்ற ஓடையின் மேட்டில் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். ஜேம்ஸ்டவுனில் சேமித்த தானியத்தை எலிகள் தின்றுவிட, ஆட்களை உணவு தேட அனுப்ப வேண்டியதாயிற்று. கோட்டை பாதியில் நின்றது. மண்மேட்டின் தடம் காட்டுக்குள் இன்னும் தெரிகிறது. ஐந்து ஆண்டு கழித்து, 1614இல், போவ்ஹாட்டன் பேரரசரின் மகள் போகஹோண்டாஸ், ஜான் ரால்ஃப் என்ற புகையிலைக்காரரை மணந்தார். அப்போது இந்த நிலத்தைப் பெண்ணின் தந்தை சீதனமாகக் கொடுத்தார் என்பது மரபு. அந்த மரபுக்கு ஆதாரமும் உண்டு. 1650களில் எழுதிய ஒரு பத்திரம், அவர்கள் மகன் தாமஸ் ரால்ஃபுக்கு இந்திய அரசரின் கொடையாக இந்த நிலம் வந்தது என்று குறிப்பிடுகிறது. அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயர் கைக்கு நிலம் போன கதைகளில் பெரும்பாலானவை பறித்த கதைகள். இது கொடுத்த கதை. ஆனால் கொடுத்தவரின் மக்கள் அடுத்த ஒரு தலைமுறைக்குள் இந்த ஆற்றங்கரைகளிலிருந்து விரட்டப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கே நிற்கும் செங்கல் வீடு ஒன்றரை மாடி, சிறியது, அளவு கச்சிதமானது. உள்ளே பழைய மரவேலை பெருமளவு அப்படியே இருக்கிறது. தாமஸ் ரால்ஃபுக்குப் பின் இந்த நிலத்தை வாங்கிய தாமஸ் வாரன் 1650களில் இங்கே ஒரு செங்கல் வீடு கட்டத் தொடங்கினார் என்று ஆவணம் சொல்கிறது. அதனால் அந்த வீடுதான் இந்த வீடு என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். ரால்ஃப் வாரன் வீடு என்றே அதற்குப் பேர். ராக்ஃபெல்லர் தரப்பு வாங்கி, பழம்பொருள் காப்பு அமைப்பிடம் ஒப்படைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். பிறகு கட்டுமான ஆய்வாளர்கள் செங்கல் அடுக்கிய முறையையும் மரத்தையும் ஆராய்ந்து, இது ஒரு நூறு ஆண்டு பிந்தியது, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வீடு என்றார்கள். வீட்டை வைத்திருக்கும் அமைப்பு அதை ஒளிக்கவில்லை. வருகிறவர்களிடம் அந்தத் திருத்தத்தையும் சொல்கிறது. பழைமையில் ஒரு நூற்றாண்டை இழக்கச் சம்மதிப்பது எளிதல்ல. நினைவிடங்கள் கூடுதல் வயது சொல்லித்தான் ஆளை இழுக்கின்றன. இவர்கள் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஸ்மித்ஸ் ஃபோர்ட்டிலிருந்து கிழக்கே, 10ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் போனால், நீண்ட வயல்களின் கடைசியில் மூன்று மூன்றாக நிற்கும் புகைபோக்கிகள் முதலில் கண்ணில் படும். அதுதான் பேக்கன்ஸ் காஸில்.

அந்தப் புகைபோக்கிகளை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டின் இரு பக்கச் சுவர்களிலும் மூன்று தண்டுகள். ஒவ்வொன்றும் சுவருக்கு நேராக இல்லாமல் மூலைவாட்டில் திருகி நிற்கிறது. அதனால் நாள் முழுதும் ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமாக அவற்றின் உருவம் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குக் கீழே பக்கச்சுவர் முக்கோணமாக ஏறாமல் வளைந்து, படிந்து, மறுபடி வளைந்து ஏறுகிறது. முன்பக்கம் ஒரு முகப்புக் கோபுரம், பின்பக்கம் மாடிப்படிக்கென்று ஒரு கோபுரம். மேலிருந்து பார்த்தால் வீடு சிலுவை வடிவம். இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பாணி இது. லண்டனில் அந்தப் பாணிக்கு மவுசு போன பிறகு, 1665இல், கடல் கடந்து வந்த ஒரு தோட்டக்காரன் தான் இளமையில் பார்த்த பெரிய வீடுகளை நினைவில் வைத்துக் கட்டியது போல் இருக்கிறது. வீட்டு மரங்களின் வளையங்களை எண்ணி வெட்டிய ஆண்டைக் கணக்கிட்டார்கள். அதுவும் 1665ஐத்தான் உறுதி செய்தது. இந்தப் பாணியின் பெரிய வீடுகள் மேற்கு அரைக்கோளம் முழுவதிலும் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. மற்ற இரண்டும், செயின்ட் நிக்கலஸ் ஆபி, டிராக்ஸ் ஹால், பார்படோஸ் தீவில் இருக்கின்றன. அவை கரும்புத் தோட்ட முதலாளிகளின் வீடுகள். இது புகையிலை முதலாளியின் வீடு. மூன்றும் எந்த வருமானத்தில் எழுந்தன என்பதை அந்தத் தோட்டங்களின் பேரே சொல்லிவிடும்.

செங்கல் இங்கேயே சுட்டது. ஆற்றோரக் களிமண்ணை மிதித்துக் குழைத்து, அச்சில் அறுத்து, சூளை போட்டு, காட்டு மரத்தை வெட்டி எரித்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் கிடையாது; ஆற்றில் சிப்பி குவியல் குவியலாகக் கிடைக்கும், அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். சுவரில் காரையை உற்று நோக்கினால் சுட்டதில் வெந்து கரையாத சிப்பித் துணுக்குகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. எத்தனை ஆட்கள், எத்தனை மாதங்கள் இந்த வேலையில் இருந்தார்களோ! ஆலன் பேர் ஆவணத்தில் இருக்கிறது. மண்ணை மிதித்தவர் யார் பேரும் சுவரில் எழுதியிருக்கவில்லை.

உள்ளே போனால் வீடு ஒரே காலத்தில் இல்லை என்பது புரிகிறது. பழைய சிறு கண்ணாடிச் சில்லுச் சாளரங்களை 18ஆம் நூற்றாண்டில் எடுத்துவிட்டு மேலும் கீழும் தள்ளும் ஜன்னல்கள் வைத்தார்கள். சுவர்களுக்குப் பலகை அடித்தார்கள். 1850களில் வீட்டை வாங்கியிருந்த ஹாங்கின்ஸ் குடும்பம் பக்கத்தில் கிரேக்கப் பாணியில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டி, வாசலையும் அங்கே மாற்றிவிட்டது. பழைய முகப்புக் கோபுரத்தில் வாசல் இருந்த இடம் ஜன்னலாயிற்று. அதைச் சுற்றிய செங்கல் அலங்காரம் மட்டும் இங்கேதான் கதவு இருந்தது என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. சில அறைகளில் பூச்சை வேண்டுமென்றே உரித்து, உத்தரமும் செங்கலும் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். எது எப்போது சேர்ந்தது என்று பார்ப்பவர் தாமே படித்துக்கொள்ளலாம். வீட்டை 1665க்குத் திருப்பிவிட வேண்டும் என்று யாரும் முனையவில்லை. 1972 வரை இது மனிதர்கள் வாழ்ந்த பண்ணைவீடு. கடைசியாக இருந்த உரிமையாளர் இறந்த பின், 1973இல் காப்பு அமைப்பு வாங்கியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்திருக்கிறது. சர்ரியில் வீடுகள் பிழைத்ததற்கு நான் கண்ட காரணம் இதுதான். பாலம் வரவில்லை, நகரம் வரவில்லை, இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு யாரிடமும் பணம் புரளவில்லை. இருந்த வீட்டில் இருந்தார்கள், ஒழுகினால் ஓட்டை அடைத்தார்கள்.

வீட்டின் பேருக்கு உரியவர் இந்த வீட்டில் வசித்ததே இல்லை. நத்தானியேல் பேக்கன், கவர்னர் வில்லியம் பெர்க்லிக்கு எதிராக 1676இல் கலகம் செய்தவர். அவருடைய கோபத்தின் பெரும்பகுதி எல்லையில் இருந்த செவ்விந்தியர்கள் மீது. அவர்களைக் கவர்னர் போதுமான அளவு கொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு. அவரைச் சுதந்திர வீரராகக் காட்டும் பழைய நூல்களை நம்பிவிடக் கூடாது. ஆனால் அவர் பின்னால் திரண்டவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. வரி தாங்கவில்லை, புகையிலை விலை விழுந்துவிட்டது, நல்ல நிலமெல்லாம் சிலர் கையில். சர்ரியிலேயே 1673 டிசம்பரில், லான்ஸ் கிரீக் தேவாலயத்தில் பதினான்கு பேர் கூடி வரிக்கு எதிராகப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். பேக்கன் 1676 செப்டம்பரில் ஜேம்ஸ்டவுனுக்குத் தீ வைத்தார். அதே சமயத்தில் அவருடைய ஆட்கள் ஏறக்குறைய எழுபது பேர், கவர்னரின் ஆதரவாளரான மேஜர் ஆர்தர் ஆலனின் இந்த வீட்டைப் பிடித்தார்கள். கட்டியவரின் மகன் அவர். ஆலனின் மாடுகளை அடித்துத் தின்று, அவருடைய ஒயினைக் குடித்துத் தீர்த்து, டிசம்பர் கடைசி வரை இருந்தார்கள். பேக்கன் அக்டோபரிலேயே வயிற்றுக்கடுப்பில் இறந்துவிட்டார். கலகம் அடங்கியபின் பெர்க்லி 23 பேரைத் தூக்கில் போட்டார்.

இந்தக் கலகத்தின் கடைசிக் காட்சியில்தான் என் மனம் நின்றது. ஆற்றுக்கு அப்பால் சரணடைய மறுத்து நின்ற கடைசிக் கூட்டத்தில் எண்பது கறுப்பு அடிமைகளும் இருபது ஆங்கிலேய ஒப்பந்தக் கூலிகளும் தோளோடு தோள் நின்றார்கள். தோட்டக்காரர்களை எது அதிகம் அச்சுறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1671இல் பெர்க்லி லண்டனுக்கு அனுப்பிய கணக்கில், வர்ஜீனியாவின் 40,000 பேரில் கறுப்பு அடிமைகள் 2,000, வெள்ளைக் கூலிகள் 6,000. அதற்கு முன்பே, 1662இல், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் வந்துவிட்டது. கலகத்துக்குப் பின் ஒப்பந்தக் கூலிகளின் வரவு குறைந்தது, ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்குவது பெருகியது, 1705இல் அடிமைச் சட்டங்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு இறுகின. 1860இல் வர்ஜீனியாவில் அடிமைகள் ஏறத்தாழ 4,90,000 பேர். எந்த மாநிலத்திலும் அவ்வளவு பேர் இல்லை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நின்ற அந்த நாள், அவர்களை இனி ஒருபோதும் சேரவிடக் கூடாது என்று ஆள்வோர் முடிவெடுத்ததற்கு ஒரு காரணமாயிற்று என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு செய்தி. அக்காலத்தில் ஒருவரைக் கப்பல் கட்டணம் கொடுத்துக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கிடைக்கும். ஆற்றின் வடகரையில் இருந்த ஜார்ஜ் மெனிஃபி என்ற பெரும் தோட்டக்காரர் 1635இல் நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பேர் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் பக்கத்திலிருந்து ஒருவர் இவ்வளவு முன்னதாகவே இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். பிருந்தா சாரி 2023இல் எழுதிய 'தி ஈஸ்ட் இந்தியன்' என்ற ஆங்கில நாவல், அவரைச் சோழமண்டலக் கரையில் பிறந்த சிறுவனாகக் கற்பனை செய்கிறது. ஆவணம் அவருக்கு ஊர் சொல்லவில்லை, தாய் வைத்த பேரைச் சொல்லவில்லை. 50 ஏக்கருக்கு ஈடு என்ற அளவில் மட்டும் அவரைக் குறித்துக்கொண்டது.

பேக்கன்ஸ் காஸிலின் பின்பக்கம் தோட்டம். 1980களில் நிகோலஸ் லக்கெட்டியின் குழு இங்கே மண்ணை அகழ்ந்து, 1680 வாக்கில் போட்ட தோட்டத்தின் தளத்தைக் கண்டது. ஆறு பெரிய பாத்திகள், நடுவே வெள்ளை மணல் பரப்பிய அகலமான நடைபாதைகள். வட அமெரிக்காவில் தெரியவந்துள்ள ஆங்கிலப் பாணித் தோட்டங்களில் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. அந்த அளவிலேயே மறுபடி நட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது காய்கறியும் மூலிகையும் பூவுமாகக் கலந்து இருந்தன. பலரும் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, காருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

நீங்கள் அப்படித் திரும்பிவிடக் கூடாது. தோட்டத்துக்கு அப்பால் ஒரு மரவீடு நிற்கிறது. வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமான பலகைகள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டி, பிற்பாடு நீட்டியது. இந்தப் பண்ணையின் அடிமைகள் குடியிருந்த வீடுகளில் மிஞ்சியது இது ஒன்றே. ஒரு கூரைக்குக் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். விடுதலைக்குப் பின்னும் பண்ணையில் உழைத்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

உள்ளே அலங்காரம் எதுவும் இல்லை. பலகைத் தரை, தாழ்ந்த அறை, கணப்பு. குளிர் நாளில் பலகை இடுக்கில் காற்று எப்படி வரும் என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். எனக்கு வழிகாட்டிய பெண்மணி இங்கே நெடுநேரம் நின்றார். பெரிய வீட்டில் ஒரு அறைக்குக் கொடுத்த நேரத்தைவிட இங்கே கொடுத்தது அதிகம். பெரிய வீட்டில் ஒவ்வொரு ஜன்னல் மாறிய ஆண்டும் தெரிகிறது, மேஜர் ஆலன் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் இருந்து எந்த அறையில் என்ன இருந்தது என்பதுகூடத் தெரிகிறது. இந்த மரவீட்டில் பிறந்தவர்கள், பிரசவித்தவர்கள், விற்கப்பட்டவர்கள் பற்றி அப்படிப் பட்டியல் கிடையாது. அக்கால வர்ஜீனியாவின் சொத்துப் பட்டியல்களில் அவர்கள் வருவார்கள். மாட்டுக்கும் கட்டிலுக்கும் பக்கத்தில், விலையோடு வருவார்கள். அந்த ஒற்றைப் பேர்களைப் பிடித்துக்கொண்டு ஆய்வாளர்களும் வழித்தோன்றல்களும் குடும்பங்களைத் தேடிக் கோர்க்கிறார்கள். அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட வீடுகள் கொட்டகையாகவும் கிடங்காகவும் போயின, பிறகு சரிந்தன, அல்லது கண்ணுக்கு அழகில்லை என்று அகற்றப்பட்டன. ஜோசப் மெக்கில் என்பவர் 2010இல் ஒரு இயக்கம் தொடங்கினார். மிஞ்சியிருக்கும் அடிமைக் குடியிருப்புகளில் இரவு தங்கி, அவை இருக்கின்றன என்பதை ஊருக்கு நினைவூட்டுவதே அதன் வேலை. அவர் ஏன் வெறும் தரையில் படுத்துறங்கப் புறப்பட்டார் என்பது இந்த அறையில் நின்றபோது எனக்கு விளங்கியது.

சர்ரியில் நான் பார்த்தவற்றுள் மிகவும் முக்கியமான கட்டடம் இந்த மரவீடுதான். செங்கல் வீட்டைவிட ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இளையது, பாணி என்று எதுவும் இல்லை, கட்டடக்கலை நூல்களில் படம் வராது. ஆனால் அந்தச் செங்கல் வீடு எப்படி நின்றது, எதன்மேல் நின்றது என்பதற்கு மண்ணுக்கு மேலே மிஞ்சிய நேர்ச்சாட்சி இது ஒன்றே. செங்கல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். இன்னும் நூறு ஆண்டு யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அந்தப் புகைபோக்கிகளில் சில நிற்கும். மரவீட்டுக்கு ஒரு கூரைப் பலகை பெயர்ந்து இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும். செலவழிக்க ஒரு டாலர்தான் இருக்கிறது என்றால் அது முதலில் இங்கே வர வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வீடுகளை வைத்திருக்கும் அமைப்பு 1889இல் பெண்கள் சிலர் முன்னின்று தொடங்கியது. அன்று அதன் பேர் வர்ஜீனியா பழம்பொருள் காப்புச் சங்கம். இன்று பிரிசர்வேஷன் வர்ஜீனியா. மாநில அளவில் பழைமையைக் காக்க அமெரிக்காவில் எழுந்த முதல் சங்கம் அதுதான். 1893இல் ஜேம்ஸ்டவுனில் இருபத்திரண்டரை ஏக்கரைப் பெற்று ஆற்று அரிப்பிலிருந்து காத்தது அவர்கள்தான். அது மட்டும் நடக்காமல் போயிருந்தால் 1607ஆம் ஆண்டுக் கோட்டையின் தடத்தை ஆய்வாளர்கள் 1990களில் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆரம்பத்தில் அவர்கள் காக்க விரும்பியது தங்கள் மூதாதையரின் பெருமையை. கவர்னர்கள், தளபதிகள், நிலக்கிழார்கள். அதே சங்கம் இன்று ஒரு அடிமைக் குடியிருப்பின் சுவரைத் தாங்கிப் பிடித்து, அங்கே நின்று ஒரு மணி நேரம் பேசுகிறது என்றால் அது ஒரே நாளில் வந்த மாற்றமல்ல. கறுப்பின அறிஞர்களும் வழித்தோன்றல் குடும்பங்களும் பல பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டு வந்தது.

சிப்போக்ஸ் என்ற ஆற்றோரப் பண்ணையைப் பற்றியும் சில வரிகள் சொல்ல வேண்டும். 1619இல் வில்லியம் பவல் என்ற கேப்டனுக்குக் கொடுத்த நிலம். ஆங்கிலேயரோடு நட்பாக இருந்த சூப்போக் என்ற உள்ளூர்த் தலைவரின் பேர் மருவி நிற்கிறது. அன்று முதல் விடாமல் உழப்பட்டுவருகிறது. அமெரிக்காவில் இவ்வளவு காலம் தொடர்ந்து விளைந்த பண்ணை அரிது. 1854இல் கட்டிய வெள்ளை மாளிகை ஒன்று இருக்கிறது. உள்நாட்டுப் போரில் அது எரியாமல் தப்பியது, உரிமையாளர் இரு படைக்கும் பழச்சாராயம் விற்றதால்தான் என்று கதை சொல்கிறார்கள். 1967இல் கடைசி உரிமையாளரான திருமதி ஸ்டூவர்ட் கணவர் நினைவாகப் பண்ணை முழுவதையும் மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அது மாநிலப் பூங்கா. மாளிகையைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள உழவுக் கருவிகளின் அருங்காட்சியகம்; கடலை பறிக்கவும் உதிர்க்கவும் இருந்த பழைய பொறிகளை அங்கே பார்க்கலாம். கரைச் சரிவில் பல லட்சம் ஆண்டுப் பழைமையான சிப்பிப் புதைபடிவங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. வேலையாட்களின் குடில்கள் இருந்த பாதையும் உண்டு. அதன் வழியாக நடந்து போங்கள். மாளிகை வாசலிலிருந்து அந்தக் குடில்கள் எவ்வளவு அருகில் இருந்தன என்பது தெரியும்.

ரிச்மண்டிலும் வாஷிங்டனைச் சுற்றியும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் வில்லியம்ஸ்பர்க் வரை கூட்டிப்போகாதவர்கள் குறைவு. அடுத்த முறை போகும்போது ஆற்றைக் கடந்து வாருங்கள். படகுக்குக் காசு வேண்டாம். வீடுகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், மற்ற மாதங்களிலும் வாரத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள், அதனால் முன்னதாக விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பேக்கன்ஸ் காஸிலுக்குப் போனால் பெரிய வீட்டுக்குள் நுழையும் முன் அந்த மரவீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நுழைவுச் சீட்டுக்குக் கொடுக்கும் காசும் அப்படிக் கேட்கும் ஒவ்வொரு ஆளும்தான் அதன் கூரையை நிறுத்தி வைக்கும்.